இடது மரை நட்டு

எங்கள் ஜீப்பின் இடது பக்கத்துச் சக்கர நட்டுகள் ஊரில் உள்ள மற்ற நட்டுகளைப் போலத் திரும்பாது. எந்த நட்டையும் வலது பக்கம் திருப்பினால் இறுகும், இடது பக்கம் திருப்பினால் கழலும். ஜீப்பின் வலது பக்கச் சக்கரங்களில்கூட அப்படித்தான். இடது பக்கச் சக்கரங்களில் மட்டும் எல்லாம் தலைகீழ். நட்டின் உள்ளே சுருளாக ஓடுகிற வெட்டுக்கு மரை என்று பெயர், இது இடது மரை. சக்கரம் உருளுகிற உருளலில் நட்டு தானாகக் கழன்றுவிடக் கூடாது என்று கம்பெனியிலேயே அப்படிச் செய்து அனுப்பினார்களாம். அந்தப் பக்கத்து போல்ட்டின் நுனியில் ஒரு இங்கிலீஷ் எழுத்து வெட்டியிருக்கும். எனக்கு எந்த எழுத்தும் தெரியாது. மண்வெட்டியைத் தரையில் நிறுத்தி வைத்தது போல இருக்கும். அதை வைத்து அடையாளம் கண்டுகொள்வேன்.

இளவயதில் ஒரு பண்ணையில் டிராக்டரும் ஜீப்பும் ஓட்டிக்கொண்டிருந்தேன். பண்ணைக்காரர் குடும்பம் நிலத்தையெல்லாம் விற்றுவிட்டு மெட்ராஸுக்குப் போனபோது, கொட்டகையில் கிடந்த ஜீப்பை என்ன செய்வது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. அன்றிலிருந்து அது எங்கள் வீட்டு வாசலில் நிற்கிறது. சிங்கப்பூரில் இருக்கிற மகன் போன் பண்ணும்போதெல்லாம் அதைத் தள்ளிவிட்டு ஒரு கார் வாங்கச் சொல்கிறான். வாங்கலாம். ஐப்பசி மாதத்தில் எங்கள் வாய்க்கால் கரையில் கார் போகாதே. மோட்டார் சைக்கிள் வழுக்கிக்கொண்டு வாய்க்காலுக்குள் போய்விடும். நடந்து போகிறவர்களே செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டுதான் போக வேண்டும். ஜீப்புக்கு நாலு சக்கரமும் இழுக்கும். எருமை சேற்றில் போவது போல, அவசரப்படாமல் போய்ச் சேரும்.

அந்தக் கரை முடிகிற இடத்தில் அஞ்சு மா நிலம், ஒன்றரை ஏக்கருக்குக் கொஞ்சம் மேல், இருக்கிறது. என் வீட்டுக்காரி பேரில் பட்டா. அதற்கு முன்னால் எங்கள் இரண்டு பேர் வீட்டிலும் யாருக்கும் நிலம் கிடையாது. அவள் விவரம் தெரிந்த நாளிலிருந்து அடுத்தவர் வயலில் நடவு நட்டவள். அவளுக்குப் பீச்சாங்கைப் பழக்கம். சோற்றை மட்டும் திட்டியும் அடித்தும் வலது கையால் சாப்பிட வைத்துவிட்டார்கள். மற்ற வேலையெல்லாம் இடது கைதான். நடவு ஆட்கள் வரிசையாகக் குனிந்து, பின்னால் நகர்ந்துகொண்டே நடுவார்கள். எல்லாரும் இடது கையில் நாற்றுக் கட்டு, அதுதான் முடி, அதை வைத்துக்கொண்டு வலது கையால் நடும்போது, ஒருத்தி மட்டும் கையை மாற்றி நட்டால் பக்கத்தில் இருப்பவளோடு முழங்கை இடிக்கும். அதனால் எந்த வயலிலும் அவளை வரப்போரத்தில் கடைசி ஆளாக நிறுத்துவார்கள். வயலில் முதல் முடியை வைப்பது நிலத்துக்காரர் காட்டுகிற ஆள். அவள் பக்கம் யாரும் கையைக் காட்டியதில்லை.

சொந்த நிலம் வந்த வருஷம், ஈசானி மூலையில் முதல் முடியை அவளே நட்டாள். அதிலிருந்து ஒரு வருஷமும் விட்டதில்லை. அவள் வைத்த பிறகுதான் ஆட்கள் வயலில் இறங்குவார்கள். முட்டி தேய்ந்து தடி ஊன்ற ஆரம்பித்த பிறகும் ஜீப்பில் கொண்டுபோய் வரப்பில் இறக்கிவிடுவேன். மெதுவாக மூலைக்குப் போய், ஒரு கையைத் தடியில் கொடுத்து, குனிந்து நட்டுவிட்டு வருவாள்.

இந்த வருஷம் நடவுக்கு முன்னால் பின்பக்கத்து இடது சக்கரம் பஞ்சர். கடைத்தெருவில் பஞ்சர் போடுகிறவர் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் பார்த்துப் பழகியவர். நான் டீ குடித்துவிட்டு வருவதற்குள் ஸ்பேனரில் ஒரு இரும்புக் குழாயைச் சொருகி அதன் மேல் ஏறி நின்றுகொண்டிருந்தார்.

"என்ன பெரியவரே, நட்ட வெல்டு வெச்சுட்டீங்களா?"

"அது வலது பக்கம் திருப்பணும் தம்பி."

"இறுக்குறதுக்கா?"

"கழட்டுறதுக்கு."

என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஆனால் திருப்பினார். கழன்றது. ஆனால் அதற்குள் நட்டுகளின் உள்ளே மரை பிய்ந்து போயிருந்தது. மாட்டியபோது இறுகியது போலத்தான் தெரிந்தது.

இரண்டு நாள் கழித்து நாற்றங்காலைப் பார்க்க அவளை ஏற்றிக்கொண்டு போனேன். பாதிக் கரையில் வண்டியின் பின்பக்கம் வாத்து நடப்பது போல அசைந்தது. நான் சேறு என்று நினைத்தேன். அவள்தான் வெளியே எட்டிப் பார்த்து, "நிறுத்துங்க, சக்கரம் தனியாப் போவப் போவுது" என்றாள். இறங்கிப் பார்த்தால் ஐந்து நட்டில் இரண்டைக் காணோம். மிச்சம் விரலாலேயே சுற்றியது. ஒரு பக்கம் வாய்க்கால், நிறைய தண்ணீர். புரண்டிருந்தால் இரண்டு பேரும் அதற்குள்தான்.

அவள் தடியை ஊன்றிக்கொண்டு வீடு வரைக்கும் நடந்தே வந்தாள். வண்டியை நாலு பேரை வைத்து மெதுவாக வாசலுக்குத் தள்ளி வந்தோம். அந்த ராத்திரி முட்டி வீங்கிவிட்டது.

"இனிமே அந்த வண்டில ஏற மாட்டேன்."

"நட்டு மாத்திட்டா சரியாப் போயிரும்."

"மாத்துங்க. ஆனா புது நட்டுப் போடணும். பழச மண்ணெண்ணெய்ல கழுவிக் கொண்டாந்து புதுசுன்னு சொன்னீங்க, எனக்குத் தெரியும். புதுசு போட்டாத்தான் ஏறுவேன்."

"ஏறலன்னா மொத முடி?"

அவள் முட்டியில் எண்ணெயைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். நாற்று அதன் பருவத்தை எட்டியிருந்தது. முற்றிவிட்டால் பக்கக் கிளை வெடித்துத் தூர் கட்டாது. எங்கள் வயல் பள்ளம், நடவு மெஷின் இறங்கினால் புதையும். கைநடவுதான். நடவு ஆள் கூட்டிக்கொண்டு வருகிற அம்மாவிடம் சொல்லி வைத்திருந்தோம். அது எனக்குத் தங்கச்சி முறை, அண்ணே என்று கூப்பிடும். அடுத்தவர் வயலை முடித்துவிட்டு இரண்டு நாளில் வருவதாகச் சொல்லியிருந்தது.

மறுநாள் காலையில் தெருமுக்குப் பட்டறைக்காரரைக் கூட்டிவந்து காட்டினேன்.

"போல்ட்டு தப்பிச்சிருச்சு மாமா. போனது நட்டுதான். இடது மரை நட்டு என்கிட்ட இல்ல. பேசாம ஹப்ப எறக்கி, போல்ட்டையே வலது மரையா மாத்திடுவோம். அப்பறம் எந்தக் கடை நட்டும் ஏறும்."

"எத்தன நாளாவும்?"

"போல்ட்டு வரணும், ஹப்பு எறக்கணும். ஒரு வாரம்னு வெச்சுக்கங்க."

"அதுக்குள்ள நடவு முடிஞ்சிரும்பா."

"அப்ப கும்மோணம் போங்க. பழைய சாமான் கடை பாய்கிட்ட இருந்தா உண்டு. வாங்கிட்டு வாங்க, சாயந்தரம் வந்து மாட்டித் தர்றேன்."

மாதிரிக்கு ஒரு இடது நட்டையும் ஒரு வலது நட்டையும் எடுத்துக்கொண்டேன். வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும். துண்டின் இடது முனையில் இடதை முடிந்தேன், வலது முனையில் வலதை. தோளில் போட்டுக்கொண்டு டவுன் பஸ் ஏறினேன். பஸ்ஸில் கூட்டம். நெரிசலில் துண்டு கீழே விழ, ஒருவர் எடுத்துக் கொடுத்தார். தலையில் நட்டு இடித்ததாக அவர் சொன்னதைக் கேட்டுக்கொண்டே வாங்கித் திரும்பவும் தோளில் போட்டுக்கொண்டேன்.

பாய் கடை ஒரு சந்துக்குள் இருக்கிறது. வாசலிலிருந்து பின்சுவர் வரைக்கும் இரும்பு. ஒரு ஓரத்தில் ஒருவர் எதையோ கிரைண்டிங் மெஷினில் பிடித்துப் பொறி பறக்கவிட்டுக்கொண்டிருந்தார்.

"வாங்க பெரியவரே. என்ன வேணும்?"

"ஜீப்பு சக்கர நட்டு."

"பழைய ஜீப்பா, புது ஜீப்பா?"

"எனக்குத் தம்பி முறை வரும்."

சிரித்தார். நான் துண்டின் இடது முனையை அவிழ்த்துக் கொடுத்தேன். மேசையில் அடித்து வைத்திருந்த ஒரு போல்ட்டில் வைத்துச் சுற்றினார்.

"இது வலது மரையாச்சே?"

"இடது முனைல முடிஞ்சதுங்க."

"துண்டுக்கு எது இடது? இப்படிப் போட்டா இது இடது, அப்படிப் போட்டா அது இடது. நல்லா அடையாளம் வெச்சீங்க போங்க."

மற்ற முனையில் இருந்ததை இன்னொரு போல்ட்டில் சுற்றிப் பார்த்துவிட்டு, "இதுதான் இடது" என்று தனியாக வைத்தார்.

முதலில் ஒரு பெட்டியைத் திறந்து காட்டினார். புது நட்டு. முகம் பார்க்கலாம் போலப் பளபளப்பு, மேலே தொப்பி வைத்து மூடியிருந்தது. இதைப் பார்த்தால் அவள் முதல் ஆளாக ஏறி உட்கார்ந்துகொள்வாள் என்று நினைத்தேன். கேட்டதற்கு, அதில் இடது மரை வராது என்றார். இப்போது புதுசாக யாரும் இடது மரையில் அடிப்பதில்லையாம். பெட்டியை மூட மனசில்லாமல் கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டிருந்துவிட்டுக் கொடுத்தேன்.

அடுத்து ஒரு காகிதப் பொட்டலம். "இது இடது மரை. புதுசு. ஏதோ டிரெய்லருக்கு வந்தது."

போல்ட்டில் ஏறியது. அடிப்பாகத்தைத் தடவிப் பார்த்தேன். தட்டையாக இருந்தது. ஜீப் நட்டின் வாய் பம்பரம் போலச் சரிவாக இருக்கும். சக்கரத்து ஓட்டையும் அதே சரிவில் குடைந்திருக்கும். இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று உட்கார்ந்தால்தான் சக்கரம் நடுவில் நிற்கும்.

"வாஷரப் போட்டு இறுக்குங்க, நிக்கும்" என்றார் பாய்.

"எவ்ளோ நாள் நிக்குங்க?"

"அது நீங்க ஓட்டுறதப் பொறுத்து."

பண்ணையில் ஒரு தடவை டிரெய்லருக்கு இப்படித்தான் வாய் சரியில்லாத நட்டைப் போட்டார்கள். ஓட்டைகளெல்லாம் தேய்ந்து தேய்ந்து முட்டை வடிவத்துக்கு வந்துவிட்டன. ஒரு நாள் கரும்பு ஏற்றிக்கொண்டு போகும்போது ஒரு சக்கரம் என்னை முந்திக்கொண்டு போனது. யாருடைய சக்கரம் இப்படிப் போகிறது என்று நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பின்னால் டிரெய்லர் உட்கார்ந்தது. அந்தச் சக்கரம் ஒரு வெற்றிலைக் கொடிக்காலுக்குள் புகுந்து, கொடிக்கால்காரர் பண்ணை வாசலில் வந்து உட்கார்ந்துகொண்டார். எழுந்திருக்க வைக்க ஒரு பகல் ஆனது.

"இது வேணாங்க" என்றேன். "அது புதுசா இருக்கறது ஒண்ணுதான் நல்ல குணம்."

"அப்ப சாக்குலதான் தேடணும். ஒடைச்ச வண்டிலேருந்து வந்தது. எல்லாம் பழசு."

"பழசு போட்டா வீட்டுல வண்டி ஏற மாட்டேங்குறாங்க."

"யாரு?"

"வீட்டுக்காரி."

"அப்ப எனக்குத் தெரியாது. நட்டுக்குத்தான் நான் பொறுப்பு."

ஒரு சாக்கைக் கொண்டுவந்து கவிழ்த்தார். துருப்பிடித்த நட்டுகள், தலை போன திருகுகள், ஒரு பூட்டுகூட இருந்தது. உட்கார்ந்து பொறுக்கினேன். வாய் சரிவாக இருக்கிறதா என்று பார்ப்பேன். மண்ணெண்ணெயில் தேய்த்து, இடது மரை போல்ட்டில் விரலால் விட்டுப் பார்ப்பேன். பாதியில் முரண்டு பிடித்தால் நெளிந்தது. சரசரவென்று ஓடிவிட்டு மேலும் கீழும் ஆடினால் மரை தேய்ந்தது. இரண்டும் ஒதுங்கிவிடும். ஆட்டமில்லாமல், விரலாலேயே அடி வரைக்கும் போய் உட்கார வேண்டும். கையில் துருவும் எண்ணெயும் சேர்ந்து சகதியாகிவிட்டது.

"பொண்ணு பாக்குற மாதிரி பாக்குறீங்களே" என்றார் பாய்.

"என்னைய யாராச்சும் இப்படிப் பாத்திருந்தா கட்டிக் குடுத்திருக்க மாட்டாங்க."

நாலு தேறியிருந்தது. ஐந்தாவதைத் தேடிக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. கடை ஓரத்தில் கிரைண்டிங் மெஷின் கத்திக்கொண்டிருந்தது. காதில் தெளிவாக விழுந்தது 'நட்டு' என்ற ஒரு சொல்தான். பட்டறைக்காரர் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

"கெடச்சிருச்சு, கெடச்சிருச்சு" என்று கத்தினேன். "இன்னைக்கே நட்டுப் போட்டுடணும்."

ஏதோ கேட்டது. வீட்டுக்காரியைப் பற்றி என்று புரிந்தது.

"அவளுக்காகத்தானே இவ்வளவு அவசரம். எடது பக்கம் மட்டும் கவனம். அவசரத்துல மாத்திப் போட்டுடக் கூடாது."

அந்தப் பக்கம் போனை வைத்துவிட்டார்கள். ஐந்தாவது நட்டும் சாக்கின் அடியில் கிடைத்தது. கைவசம் இருக்கட்டும் என்று இன்னும் ஒன்று சேர்த்தே எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். வழியெல்லாம் இந்தத் துருவை அவளிடம் எப்படிக் காட்டுவது என்பதுதான் யோசனை.

வாசலில் தடியோடு நின்றுகொண்டிருந்தாள்.

"ஏங்க, நடச் சொன்னீங்களா?"

"யார நடச் சொன்னேன்?"

"ஆளுங்க எறங்கியாச்சு. மோட்டார் கொட்டாய்க்குப் போன பக்கத்து வீட்டுக்காரர் வந்து சொல்றாரு. போன் போட்டுக் கேட்டா, அண்ணந்தான் சொன்னாருங்குறா. 'அடுத்தவங்க வயல்ல இன்னைக்கு வேல இல்ல, நட்டுடலாமா, அண்ணி வர்ற வரைக்கும் இருக்கட்டுமா'ன்னு கேட்டாளாம். நீங்க, இன்னைக்கே நட்டுப் போட்டுடணும்னு சொன்னீங்களாம்."

நான் திண்டாடிப் போனேன்.

"எடது பக்கம் கவனமா நடணும்னு வேற சொன்னீங்களாம். நம்ம வயல்ல எதுங்க எடது பக்கம்?"

"அது நட்டு."

"நட்டாச்சுன்னுதானே நானும் சொல்றேன்."

"நடவு இல்ல. நட்டு. வண்டி நட்டு." மடியிலிருந்து ஒன்றை எடுத்துக் காட்டினேன்.

அந்த நட்டையும் என்னையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். "அதுக்கு மரை இருக்கு. ஒங்களுக்குத்தான் கழண்டு ரொம்ப நாளாச்சு" என்றாள்.

"மொத முடி?"

"அவளே வெச்சுட்டாளாம். ஈசானி மூலைலதான், சாமி கும்புட்டுத்தான் வெச்சேன் அண்ணிங்குறா. அவ மேல என்ன தப்பு?"

அதைச் சொல்லும்போது குரல் இறங்கிவிட்டது. நான் நட்டைத் திரும்ப மடியில் முடிந்தேன். இனி போய் என்ன ஆகப்போகிறது, பேசாமல் இருந்துவிடுவாள் என்று நினைத்தேன். தடியால் தரையை இரண்டு தட்டுத் தட்டினாள்.

"பட்டறைக்காரன வரச் சொல்லுங்க."

அவர் வந்து ஜாக்கி வைத்தார். நட்டுகளை ஒரு துணியில் பரப்பினேன். அவள் நாற்காலியைப் போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

"புதுசு கேட்டேன்ல?"

"இதுக்குப் புதுசு கெடையாது அக்கா" என்றார் பட்டறைக்காரர். "மாமா நல்லாத்தான் பொறுக்கிருக்காரு."

"நீ அவருக்குப் பேசாத." ஒரு நட்டை எடுத்து, குனிந்து, போல்ட்டில் வைத்து இடது கையால் சுற்றினாள். எந்தப் பக்கம் என்று யாரும் சொல்லவில்லை. அவள் கை திரும்புகிற பக்கமே நட்டும் திரும்பி, அடி வரைக்கும் போய் உட்கார்ந்தது. பிடித்து ஆட்டிப் பார்த்தாள். அசையவில்லை. அடுத்ததைக் கேட்டுக் கையை நீட்டினாள். ஐந்தையும் அவளே விரலால் ஏற்றினாள். பட்டறைக்காரர் எதிரெதிராகப் பார்த்து இறுக்கினார். கடைசியில் ஸ்பேனரை அவள் பக்கம் நீட்டிப் பிடிக்க, அவள் இடது கையை வைத்து மொத்தமாக அழுத்தினாள்.

"போதும் அக்கா, போல்ட்டு ஒடைஞ்சிரப் போவுது."

"ஒடைஞ்சா இங்கயே ஒடையட்டும். கரைல ஒடைய வேணாம்."

ஏறி உட்கார்ந்தாள். கம்பியை மட்டும் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். வாய்க்கால் கரையில் பாதியில் நிறுத்தினேன். புது நட்டோ பழைய நட்டோ, கொஞ்சம் ஓடிய பிறகு ஒரு முறை இறுக்கிப் பார்க்க வேண்டும்.

"அசையுதா?" என்று மேலிருந்தே கேட்டாள்.

"அசையல."

"என்னையப் பாத்துச் சொல்லுங்க."

"அசையல, தாயி."

வயலுக்குப் போனபோது முக்கால்வாசி நட்டிருந்தார்கள். ஆள் கூட்டிவருகிற அம்மா சேற்றுக் காலோடு வரப்புக்கு வந்தது.

"கோச்சுக்காதீங்க அண்ணி. அண்ணன் சொன்னாருன்னுதான்."

"அவரு பேச்சக் கேட்டு நானே எதுவும் செய்றதில்ல. நீ ஏண்டி செஞ்ச?"

வயலில் குனிந்திருந்தவர்கள் எல்லாரும் நிமிர்ந்து சிரித்தார்கள். நான் ஜீப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன்.

அவள் மூலைக்குப் போய் நின்றாள். அந்த அம்மா பின்னாலேயே போனது. "வேணும்னா இதப் புடுங்கிடுறேன், நீங்க வைங்க அண்ணி."

"வேர் விட வெச்சத ஏன் புடுங்குற? நல்லாத்தான் வெச்சிருக்க." நாற்றங்கால் பக்கம் தடியை நீட்டிக் கேட்டாள். "நாத்தங்கால் நட்டாச்சா?"

"அது எப்பவும் கடைசிலதானே அண்ணி. இப்பத்தான் நாத்து பறிச்சு முடிச்சிருக்கு. பரம்படிச்சு வெச்சிருக்கோம்."

"அது எனக்கு."

நாற்றங்கால் என்பது சின்ன இடம். நாற்றையெல்லாம் பறித்த பிறகு, அதையும் சமன்படுத்தி, மிச்ச நாற்றை அதில் நட்டுவிட்டுத்தான் ஆட்கள் கரையேறுவார்கள். பலகை ஒன்றைச் சேற்றில் போட்டார்கள். இரண்டு பேர் பிடித்து அவளை அதில் உட்கார வைத்தார்கள். குனிய முடியாது, உட்கார்ந்தபடியே நட்டாள். பலகையை இழுத்துப் போட இழுத்துப் போட நகர்ந்துகொண்டாள். நாலு முடியோடு நிறுத்திக்கொள்வாள் என்று நினைத்தேன். மற்றவர்கள் வயலை முடித்துவிட்டு வந்து வரப்பில் வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். யாராவது இறங்கப் போனால், "இரு, இரு" என்றாள். வெயில் சாய்ந்து, கடைசி மூலையும் நிறைந்தது. எழுந்திருக்க இரண்டு பேர் போதவில்லை, மூன்று பேர் தூக்கினார்கள்.

வாய்க்காலில் கால் கழுவப் போனாள். அதற்குள் வீட்டுக்குப் போகிற வழிக்கு இன்னொரு முறை நட்டைப் பார்த்துவிடலாம் என்று ஸ்பேனரோடு பின்சக்கரத்தில் குனிந்தேன். ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். எப்போது வந்து ஏறினாள் என்று தெரியவில்லை. ஸ்டியரிங் பக்கம் கையை நீட்டி ஹாரனை அடித்தாள்.